கோழிக்குக் கிளிஞ்சலும் கல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க மொட்டை மாடில 11 கோழி, 2 சேவல் இருக்கு. முட்டை வாங்க வர்றவங்க, ஊர்ல கோழி வெச்சிருக்கிற சொந்தக்காரங்க, தெருவுல புதுசா கூண்டு வாங்கினவங்கன்னு வாரத்துக்கு நாலு பேராவது போன் பண்ணி தோல்முட்டை (ஓடு இல்லாம வெறும் தோலோட வர்ற முட்டை) பத்திதான் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஆடியோ அனுப்பி அனுப்பி தொண்டை கட்டிப் போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்டது கேட்டபடியே இருக்கு.

அக்கா, கோழிக்கு எதுக்கு தனியா கால்சியம்? தீனி போடறோம்ல, அது பத்தாதா?

என்ன தீனி போடறீங்கங்கிறதப் பொறுத்து. முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுசுமே கால்சியம் கார்பனேட், நூத்துக்கு 94, 95 பங்கு அதுதான். பண்ணை முட்டை சைஸ்ல ஒரு முட்டைக்கு 2 கிராம் கால்சியம் ஓட்டுக்கே போயிடும், நாட்டுக்கோழி முட்டை சின்னதுங்கறதால 1.5 கிராமுக்குக் கொஞ்சம் மேல. தின்னதுல பாதிதான் ஒடம்புல ஒட்டும்னு வெச்சுக்கங்க, அப்ப தினம் முட்டை போடற கோழிக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் கிட்ட உள்ள போகணும்.

அரிசி, சோளம், கம்புல எல்லாம் கால்சியம் இருக்குன்னு சொல்றதே பெரிய விஷயம், அரிசில 100 கிராமுக்கு 10 மில்லி கிராம்தான். கோழி ஒரு நாளைக்கு மொத்தமா தின்னறதே 100, 120 கிராம். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. மீதி எங்கேர்ந்து வரும்? அதோட எலும்புலேர்ந்து. கொஞ்ச நாள் எலும்பக் கரைச்சுக் கரைச்சு முட்டை போடும், அப்புறம் ஓடு மெலிசாகும், அப்புறம் தோல்முட்டை, அதுக்கும் மேல போனா கால் நிக்காம உக்காந்துக்கும்.

கிரிட் கிரிட்னு சொல்றீங்களே, அதுதானே கால்சியம்? ரெண்டும் ஒண்ணா வேறயா?

வேற வேற. இந்தக் குழப்பம் கடைக்காரங்களாலயே வந்தது, கிளிஞ்சல் தூளையும் "ஷெல் கிரிட்"னு விக்கறாங்க, கருங்கல் நொறுக்கையும் "கிரிட்"னு விக்கறாங்க.

கோழிக்குப் பல் கிடையாது. கறிக்கடைல கோழி வெட்டும்போது கெட்டியா ஒரு உறுப்ப ரெண்டாப் பொளந்து உள்ள இருக்கிற மஞ்சத் தோல உரிச்சுப் போடுவாங்கல்ல, அதான் அரைவைப்பை, கோழியோட அம்மிக்கல்லு. கோழி முழுங்கின சின்னச் சின்னக் கல்லெல்லாம் அதுக்குள்ள தங்கி தானியத்த அரைச்சுக் குடுக்கும். அந்தக் கல்லு கரையவே கூடாது. கிளிஞ்சல் அதுக்கு நேர் எதிர், அது வயித்து அமிலத்துல கரைஞ்சாதான் ஓட்டுக்குப் போகும். கரையறது அரைக்காது, அரைக்கறது கரையாது. எங்க வீட்டுக் கோழி ஒண்ண ஒரு தடவை அறுத்தப்ப அரைவைப்பைக்குள்ள சைக்கிள் பால்ஸ் குண்டு ஒண்ணு பளபளன்னு இருந்துச்சு, எத்தனை மாசமா சோளம் அரைச்சுதோ தெரியல.

ரெண்டும் வெள்ளையாத்தான் இருக்கு, கடைல குடுத்தது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

சமையல் வினிகர் ரெண்டு சொட்டு விடுங்க, இல்லாட்டி எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு விடுங்க. புஸ்ஸுனு பொங்கி நுரை வந்தா கால்சியம், ஒண்ணுமே ஆகலைன்னா அரைக்கிற கல்லு. மெதுவா, வேண்டா வெறுப்பா நுரைச்சா டோலமைட்டா இருக்கலாம், அதுல மெக்னீசியம் ஜாஸ்தி, பேதியாகும், ஓடும் கெடும். அத வாங்காதீங்க.

கடைல என்னன்னு கேட்டு வாங்கறது? தூளா, ரவையா?

மாட்டுத்தீவனம் கோழித்தீவனம் விக்கற கடைல "கிளிஞ்சல் கிரிட்" இல்லாட்டி "சுண்ணாம்புக்கல் கிரிட்"னு கேளுங்க. ரெண்டுலயும் கால்சியம் நூத்துக்கு 38 கிட்டதான், பெரிய வித்தியாசம் இல்ல, எது கிடைக்குதோ அது. தூளா இருந்தா வேண்டாம், உடைச்ச கோதுமை சைஸ்ல, 2லேர்ந்து 4 மில்லி மீட்டர் இருக்கணும். ஏன்னு நேரம் பத்தின கேள்வில சொல்றேன்.

ஒரு எச்சரிக்கை. "கிளிஞ்சல் சுண்ணாம்பு"ன்னு கேட்டுடாதீங்க. அது கிளிஞ்சலக் காளவாய்ல சுட்டு எடுத்தது, தண்ணி பட்டா கொதிக்கும், கோழி வாயும் தொண்டையும் வெந்து போகும். சுடாத கிளிஞ்சல்தான் நமக்கு வேணும். கடற்கரைக்குப் போனப்ப பொறுக்கிட்டு வந்த சிப்பி இருந்தா நாலஞ்சு தடவை நல்ல தண்ணில அலசி உப்புப் போக்கி, காய வெச்சு உடைச்சுப் போடலாம், தப்பில்ல.

ஒரு கோழிக்கு எவ்ளோ போடணும்? ஸ்பூன் கணக்குல சொல்லுங்கக்கா.

தானியம் மட்டும் தின்னு நல்லா முட்டை போடற கோழிக்கு 10 கிராம் வரைக்கும், அதாவது ரெண்டு டீஸ்பூன். முட்டைக் கோழிக்குன்னே கடைல விக்கற லேயர் தீவனம் மட்டுமே போட்டீங்கன்னா அதுலயே கால்சியம் நூத்துக்கு மூணரை நாலு பங்கு கலந்துதான் வருது, தனியா வெக்கறத அது அப்பப்ப கொத்தும், அவ்ளோதான்.

நிறைய பேர் தப்பு பண்ற இடம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. லேயர் தீவனம் விலை ஏறிடுச்சுன்னு பாதி தீவனம், பாதி ரேஷன் அரிசின்னு கலப்பாங்க. அப்பக் கால்சியமும் பாதியாயிடும். "அக்கா நான் லேயர் தீவனம்தானே போடறேன், அப்புறமும் தோல்முட்டை வருது"ன்னு போன் வந்தா நான் கேக்கற முதல் கேள்வி அதோட வேற என்ன போடறீங்கங்கிறதுதான், பத்துக்கு ஏழு பேர் அரிசி, பழைய சோறு, இட்லின்னு ஒரு லிஸ்ட் சொல்லுவாங்க.

தீவனத்தோடவே கலந்து விட்டுட்டா வேலை மிச்சம்தானே?

வேலை மிச்சம், ஆனா வேண்டாம். ஒரே கூட்டத்துல தினம் போடறதும் இருக்கும், அடை உக்காந்ததும் இருக்கும், சேவலும் இருக்கும், பருவத்துக்கு வராத பெட்டையும் இருக்கும். எல்லாத்துக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? தனிக் கிண்ணத்துல வெச்சுட்டா வேணுங்கறது வந்து தின்னும். கோழிக்குக் கால்சியம் குறையறப்ப அதுக்குன்னே ஒரு பசி வரும், முட்டை போடற கோழிதான் போய் கொத்தும், சேவல் ரெண்டு கொத்து கொத்திப் பாத்துட்டு போயிடும். இந்த விஷயத்துல நம்மள விட அதுக்குத்தான் கணக்கு நல்லாத் தெரியும்.

நான் கொட்டாங்குச்சியக் கம்பில கட்டி தொங்க விட்டிருக்கேன், ஒண்ணுல கிளிஞ்சல், இன்னொண்ணுல கல்லு. தரைல வெச்சா சீச்சுக் கவுத்துடும், அதுக்கு மேலயே எச்சம் போடும்.

காலைல வெக்கறதா, சாயங்காலமா?

எப்பவுமே கிண்ணம் இருக்கட்டும், ஆனா சாயங்காலம் கூட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி கண்டிப்பா இருக்கணும். முட்டை உருவாக 24லேர்ந்து 26 மணி நேரம் ஆகும், அதுல கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஓடு கட்டற வேலைதான். பெரும்பாலும் காலைலயும் மதியத்துக்கு முன்னாடியும் முட்டை போடுது, அப்ப ஓடு கட்டற வேலை மும்முரமா நடக்கறது ராத்திரில, கோழி தூங்கறப்ப. அந்த நேரத்துல வயித்துல கால்சியம் இருந்தாத்தான் எலும்புலேர்ந்து எடுக்காம இருக்கும்.

தூள் வேண்டாம்னு சொன்னது இதுக்குத்தான். தூள் சீக்கிரம் கரைஞ்சு ஓடிடும். ரவை ரவையா இருக்கறது அரைவைப்பைலயே தங்கி ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமாக் கரையும்.

முட்டை ஓட்டையே திருப்பிப் போட்டா என்ன? காசு மிச்சம்ல.

தாராளமாப் போடலாம், அதுவும் அதே கால்சியம் கார்பனேட்தான். கழுவி, நல்ல வெயில்ல ரெண்டு நாள் காய வெச்சோ, வாணல்ல பத்து நிமிஷம் வறுத்தோ, உடைச்சுப் போடுங்க. பச்சையா போட்டா கிருமி வரும். அரை முட்டை உருவத்துல அப்படியே போட்டா முட்டையக் கொத்தித் திங்கற பழக்கம் வந்துடும், அது ஓடுன்னே தெரியாத அளவுக்கு நொறுக்குங்க.

ஆனா அது மட்டும் போதுமான்னா போதாது. ஒரு ஓட்டுல 2 கிராம், ஒட்டறது பாதின்னு மேல சொன்னேன்ல, அப்ப ஒரு முட்டை ஓட்டத் தின்னா அரை முட்டைக்குத்தான் ஆகும். நீங்க தின்ன முட்டை ஓடு மொத்தத்தையும் குடுத்தாலும் பாதி கடன்தான். ஹோட்டல்லயோ ஆம்லெட் கடைலயோ சொல்லி வெச்சு வாங்கினா கணக்கு சரியாகும், ஆனா வெளி ஓட்டக் கண்டிப்பா வறுத்துட்டுத்தான் போடணும்.

கேழ்வரகும் முருங்கைக்கீரையும் போடறேன், அதுல நிறைய கால்சியம்னு டாக்டரே சொல்றாங்களே?

மனுசங்களுக்கு நிறைய. நாம தினம் முட்டை போடறதில்லையே. கேழ்வரகுல 100 கிராமுக்கு 350 மில்லி கிராம் சுமார், தானியத்துலயே அதுதான் ராஜா. கோழி நாள் பூரா கேழ்வரகே தின்னாலும் உள்ள போறது அரை கிராம் கூட இல்ல. வேணுங்கறது 4 கிராம். முருங்கைக்கீரைலயும் பச்சையா 100 கிராமுக்கு 300, 400 மில்லி கிராம்தான், கோழி ஒரு பிடி தின்னா அதிகம்.

கீரை போடறத நிறுத்தச் சொல்லல, மஞ்சக்கரு நல்ல நிறம் வரும். கிளிஞ்சலுக்கு பதிலா ஆகாது, அவ்ளோதான். பசலையும் தண்டுக்கீரையும் மட்டும் அள்ளி அள்ளிப் போடாதீங்க, அதுல இருக்கிற ஆக்சலேட் இருக்கிற கால்சியத்தையும் கட்டிப் போட்டுடும்.

வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பு? சாக்பீஸ்? கோலமாவு?

மூணுமே வேண்டாம். வெத்தலைச் சுண்ணாம்பு சுட்ட சுண்ணாம்பு நீர்த்தது, காளவாய் விஷயம் மேலயே சொல்லியாச்சு. தண்ணில கலந்து தெளிவு மட்டும் வெப்பாங்க சில பேர், அந்தத் தெளிவுல கால்சியம் ரொம்பக் கம்மி, காரம்தான் ஜாஸ்தி, கோழி தண்ணி குடிக்கறதையே குறைச்சுடும். சாக்பீஸ் இப்ப வர்றது பெரும்பாலும் ஜிப்சம், போதாததுக்குக் கலர் வேற. கோலமாவு எந்தக் கல்லுன்னு விக்கறவங்களுக்கே தெரியாது, மாக்கல்லா இருந்தா அதுல கால்சியமே இல்ல.

கண்ணு, நாங்க கோழி வளர்த்தப்ப கிளிஞ்சல் எல்லாம் எங்க வெச்சோம்? நல்லாத்தானே முட்டை போட்டுச்சு!

அப்புச்சி, உங்க கோழி என் கோழி மாதிரி மாடில சிமெண்ட் தரைல இருக்கல. குப்பைமேட்ட சீச்சு நத்தை, பூச்சி தின்னுச்சு, வண்டித் தடத்துல கல்லு பொறுக்குச்சு, பழைய சுண்ணாம்புச் சுவத்தக் கொத்துச்சு. பழைய சுவத்துச் சுண்ணாம்பு காத்துபட்டுப் பட்டு திரும்ப சுண்ணாம்புக்கல்லாவே மாறிடும், அதனால அது சுடாது, கோழி அதக் கண்டுபிடிச்சு கொத்தினது சும்மா இல்ல. இப்ப இருக்கிற பெயிண்ட் சுவத்தக் கொத்த விடக்கூடாது, பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும்.

இன்னொண்ணு, உங்க நாட்டுக்கோழி 12, 15 முட்டை போட்டுட்டு அடைக்கு உக்காந்துடும், அப்புறம் குஞ்சோட சுத்தும், எலும்புல இழந்தது திரும்பச் சேர அத்தனை மாசம் இருந்துச்சு. வருசத்துக்கு 60, 70 முட்டைக்கு மேல அது போட்டதில்ல. இப்ப எல்லாரும் வாங்கற பிவி 380 மாதிரி ரகம் 300 கிட்ட போடுது. அதுக்கு லீவே கிடையாது.

குஞ்சுக்கும் இப்பவே வெச்சுட்டா எலும்பு ஸ்ட்ராங்கா வரும்ல?

வராது, கிட்னி போயிடும். குஞ்சுத் தீவனத்துல கால்சியம் நூத்துக்கு ஒரு பங்குதான் இருக்கும், லேயர் தீவனத்துல அது மாதிரி மூணரை மடங்கு. வளர்ற குஞ்சுக்கு அதையே போட்டுட்டே இருந்தா வெளிய தள்ள முடியாம சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்பு மேல எல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி யூரிக் ஆசிட் படிஞ்சு செத்துப் போகும். "பெரிய கோழித் தீனி மிச்சம் இருந்துச்சு, அதையே போட்டேன்"னு சொல்றவங்கள நினைச்சாத்தான் பயமா இருக்கு.

கொண்டை சிவந்து, கை வெச்சா பதுங்கி உக்கார ஆரம்பிச்சதும் கிளிஞ்சல் கிண்ணத்தக் காட்டுங்க, போதும். பண்ணை ரகத்துல அது 18 வாரம் கிட்ட வரும், நாட்டுக்கோழிக்கு ஆறு மாசம் கூட ஆகும். கல்லு வேற விஷயம், குஞ்சுக்கு நொய்யோ கம்போ கீரையோ போட ஆரம்பிச்சுட்டீங்கன்னா கடுகு சைஸ்ல கொஞ்சம் மணல் தூவுங்க. வெறும் குஞ்சுத் தீவனம்னா அதுவும் தேவையில்ல.

கல்லு காசு குடுத்து வாங்கணுமா? வீடு கட்டின மணல் மிச்சம் இருக்கு.

எம்சாண்ட்னா ரொம்ப நல்லது, அது கருங்கல்ல நொறுக்கினதுதானே. சல்லடைல சலிச்சு மாவு மாதிரி இருக்கறதத் தள்ளிட்டு, மேல நிக்கற 3, 4 மில்லி மீட்டர் துண்ட மட்டும் கழுவி வைங்க. சிமெண்ட் கலந்த மணல் கூடாது. ஆத்து மணல்ல தடியா இருக்கறதும் ஓகே. ஜல்லி சிப்ஸ் பெருசு, அத முழுங்காது.

மேயற கோழிக்கு இது தேவையே இல்ல, அதுவே பொறுக்கிக்கும். மாவுத் தீவனம் மட்டும் தின்னற கூண்டுக் கோழிக்கும் தேவையில்ல, அரைக்க அங்க எதுவும் இல்ல. அடைச்சு வெச்சு முழுத் தானியமும் புல்லும் போடறவங்களுக்குத்தான் கட்டாயம். கல்லு இல்லாம முழுச் சோளம் போட்டா எச்சத்துல சோளம் முழுசா வரும், தின்னும் இளைச்சிட்டே போகும். காலைல எழுந்ததும் தீனிப்பை (கழுத்துக்குக் கீழ, தின்னது முதல்ல சேர்ற பை) காலியா இல்லாம கல்லு மாதிரி இருந்தாலும் கவனிங்க, நீளப் புல்லு சிக்கியிருக்கலாம்.

எல்லாம் சரியா வெச்சிருக்கேன், இருந்தாலும் தோல்முட்டை வருதே?

இதுக்கு ஒரே பதில் இல்ல. முதல்ல எத்தனை கோழின்னு பாருங்க. புதுசா முட்டைக்கு வந்த பெட்டை முதல் நாலஞ்சு முட்டை அப்படித்தான் போடும், தானா சரியாகும். ரெண்டு வருசம் தாண்டின கோழிக்கு முட்டை பெருசாகும், ஓட்டுச் சரக்கு அதே அளவுதான், அதனால மெலிசு. ராத்திரி பூனையோ பட்டாசோ பயமுறுத்தினா ஓடு முடியறதுக்குள்ள வெளிய வந்துடும், தீபாவளிக்கு அடுத்த நாள் எங்க வீட்ல ரெண்டு கிடைக்கும்.

சித்திரை வெயில்ல வந்தா காரணம் வேற. கோழி வாயப் பொளந்து இரைக்கறப்ப ஒடம்புல இருக்கிற கரியமில வாயு ஜாஸ்தி வெளிய போயிடுது, ஓட்டுல இருக்கிற கார்பனேட்டுக்கு அந்த வாயுதான் மூலம். கூடவே தீனியும் குறைஞ்சுடும். அப்ப கிளிஞ்சலக் கூட்டறத விட நிழல், குளுந்த தண்ணி, விடியக்காலைலயும் சாயங்காலமும் தீனி, இதுதான் வைத்தியம். வெயிலே படாத கூண்டுன்னா எதிர்ப்பிரச்சினை, வைட்டமின் டி இல்லாம கால்சியம் உள்ளயே ஏறாது. கண்ணாடி வழியா வர்ற வெயில் கணக்குல வராது, தினம் கொஞ்ச நேரமாவது நேர் வெயில்ல விடுங்க.

ஒரே வாரத்துல பாதிக் கோழி தோல்முட்டை போட்டு, முட்டையும் குறைஞ்சு, தும்மல் இருமல் பச்சைக் கழிச்சல்னு இருந்தா அது நோய். வெள்ளைக்கழிச்சல், ஐபிங்கற மூச்சுக்குழாய் நோய், 1976லேர்ந்து தெரிஞ்ச முட்டைக் குறைவு நோய், எல்லாமே முட்டைப்பையக் கெடுக்கும். கால்நடை மருந்தகத்துக்குப் போங்க. கழிச்சலுக்குத் தடுப்பூசி பிப்ரவரி முகாம்ல இலவசமாவே போடறாங்க.

மாட்டுக்குக் குடுக்கிற கால்சியம் டானிக் தண்ணில ஊத்தலாமா?

நாலஞ்சு நாள் அவசரத்துக்கு, லேபிள்ல கோழிக்குன்னு அளவு போட்டிருந்தா ஊத்தலாம். எப்பவும் ஊத்தினா நான் மேல சொன்ன பிரச்சினைதான், அந்தத் தண்ணியத்தானே சேவலும் குஞ்சும் குடிக்கும். டானிக்ல பாஸ்பரஸும் வைட்டமின் டி3யும் சேர்ந்திருக்கறதால சில கோழிக்கு அதுல குணம் தெரியும், ஆனா டானிக் நிறுத்தினா திரும்ப வரும்னா தீனில தப்பு இருக்குன்னு அர்த்தம்.

ஒரு கோழி காலைலேர்ந்து முக்கிட்டு உக்காந்திருக்கு, முட்டை வரமாட்டேங்குது. கிளிஞ்சல் போட்டா வந்துடுமா?

போன வச்சுட்டு முதல்ல கோழிய எடுங்க. கால்சியம் குறைஞ்சா முட்டையத் தள்ற தசைக்கும் வலு இருக்காது, அதனால முட்டை உள்ளயே நிக்கலாம், ஆனா இப்பக் கிளிஞ்சல் போட்டா நேரத்துக்கு உதவாது. வயிறு முங்கற அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணில இருபது நிமிஷம் உக்கார வெச்சு, தொடச்சு, இருட்டான அட்டைப்பெட்டில விடுங்க. அமுக்கிப் பிதுக்காதீங்க, உள்ள உடைஞ்சா கோழி பொழைக்கறது கஷ்டம். மதியத்துக்குள்ள வரலைன்னா டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க, கால்சியம் ஊசி அவங்க போடுவாங்க.

ஓட்டு மேல மணல் ஒட்டின மாதிரி சொரசொரன்னு இருக்கு, இது கால்சியம் கம்மியா?

பெரும்பாலும் நேர் எதிர், ஜாஸ்தி. லேயர் தீவனத்துலயே கிளிஞ்சலக் கலந்து போடறவங்க வீட்டுலதான் அதிகமாப் பாத்திருக்கேன். கலக்கறத நிறுத்திட்டு கொட்டாங்குச்சில வைங்க, பத்து நாள்ல சரியாயிடும். எப்பவோ ஒண்ணு அப்படி வந்தா விட்டுடுங்க. ஓடு நிறம் வெளுத்துப் போச்சுன்னும் கேக்கறாங்க, நிறம் ரகத்தையும் வயசையும் வெயிலையும் பொறுத்தது, ஓடு கெட்டியா இருக்கான்னு மட்டும் பாருங்க.

வாங்கின கிளிஞ்சல் கெட்டுப் போகுமாக்கா? அஞ்சு கிலோ வாங்கிட்டேன்.

கெடாது, கல்லு எங்க கெடும். நனையாம மூடி வைங்க, எலி மூத்திரம் படாமப் பாத்துக்கங்க. உங்ககிட்ட நாலு கோழிதானே இருக்கு, ஒவ்வொண்ணும் தினம் 10 கிராம் தின்னாலும் நாலு மாசம் வரும்.